திரை நிறமும் அதன் செம்மையும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, யான் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழ் கற்பிப்பவன் கைப்பேசித் திரையையும் கணிப்பொறித் திரையையும்பற்றிப் பேசப் புகுந்தால், "இவனுக்கு இது எதற்கு?" என்று நகைப்போரும் உளராவர். ஆயினும் நெசவும் சாயமும் புடைவை வாணிகமும் நம்மவர்க்கு முன்னோர் வைத்துச் சென்ற தொழில்கள். இளம்பிள்ளையிலும் தாரமங்கலத்திலும் இராசிபுரத்திலும் குமாரபாளையத்திலும் இன்று தறியிலிருந்து இறங்கும் துணி, வாங்குவோர் கைக்குச் செல்லுமுன் அவர் கைப்பேசித் திரைக்குச் செல்கின்றது. துணியைத் தொட்டுப் பாராமல், திரையில் தோன்றும் நிறத்தையே நம்பிப் பொருள் அனுப்புகின்றனர். ஆகவே திரையில் நிறம் பிழைபடுமாயின் நம் வாணிகம் பிழைபடும். நம் சொல்லும் பிழைபடும். இதுபற்றியே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

நம் மொழியில் செம்மை என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. சிவந்த நிறமும் செம்மை. கோணாமல் நேராய் நிற்கும் தன்மையும் செம்மை. வெண்மை என்னும் சொல்லும் அத்தகையதே. அது வெள்ளை நிறத்தையும் குறிக்கும், அறிவின்மையையும் குறிக்கும். திருவள்ளுவர் புல்லறிவாண்மை என்னும் அதிகாரத்தில் இப்பின்னைய பொருளிலேயே அதனை ஆண்டிருக்கின்றார். திரையில் வெண்மை இன்னதென்று அறியாதிருத்தல் நமக்கு வெண்மையாகும் என்பதும், அதனை அறிந்து நிறத்தை நேர் நிறுத்துதலே செம்மை என்பதும் யான் இங்குக் கூறப்புகும் கருத்தாம்.

எங்கள் உறவில் நிகழ்ந்த ஒரு வழக்கு

என் மைத்துனர் ஒருவர் புடைவை வாணிகம் செய்பவர். அவருக்கு நூல் சாயமிட்டுத் தருபவர் அவருக்கு மாமன் முறையினர். சாயத்தொழிலில் தேர்ந்த முதியவர். சென்ற ஆண்டில் மாம்பழ மஞ்சள் நிறத்தில் ஒரு புடைவை நெய்து, அதனைப் படம் பிடித்து வாட்ஸ்அப் வழியாகப் பலர்க்கும் அனுப்பினர். சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் தம் வீட்டுத் திருமணத்திற்காக, "இப்படத்திற் கண்டபடியே பதினான்கு புடைவைகள் வேண்டும்" என்று முன்பணம் அனுப்பினர். முதற்புடைவை அதற்குள் விற்றுப் போயிற்று. மைத்துனர் சாயக்காரரிடம், "முன்பு போட்ட மாம்பழ நிறமே போடுக" என்றார். அவரும் அவ்வாறே போட்டார். புடைவைகள் நெய்யப்பட்டுச் சென்னைக்குச் சென்றன. எட்டாம் நாள் பதினான்கும் திரும்பி வந்தன. "சந்தன நிறம் கேட்டோம், மாம்பழ நிறம் அனுப்பி எம்மை ஏமாற்றினீர்" என்று அவர்கள் கடுஞ்சொல்லும் உடன் அனுப்பியிருந்தனர்.

மைத்துனர் தம் மனைவியின் கைப்பேசியில் அப்படத்தைத் திறந்து பார்த்தார். படத்தில் வெளிறிய சந்தன நிறமே இருந்தது. கையிலிருந்த புடைவையோ நல்ல மாம்பழ மஞ்சள். சாயக்காரர் சாயத்தை மிகுத்துவிட்டார் என்று முடிவு செய்து, கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவிட்டார். அம்முதியவர் தம் கணக்குப் புத்தகத்தைக் கொணர்ந்தார். ஒவ்வொரு சாயத்திற்கும் ஒரு சிறு நூல் துணுக்கை அதன் பக்கத்தில் முடிந்து வைத்தல் அவர் வழக்கம். முதற்புடைவையின் துணுக்கையும் புதிய நூலையும் சேர்த்துக் காட்டி, "இரண்டும் ஒன்றுதானே, மாப்பிள்ளை!" என்றார். "படம் பொய் சொல்லுமா, மாமா?" என்று இவர் வினவினார். முதியவர் மறுமொழி கூறாது எழுந்து போனார். அதன்பின் ஏழு திங்கள் அவ்வீட்டுப் படி மிதிக்கவில்லை.

ஒருநாள் மாலை மைத்துனர் மகன் எம் வீட்டிற்கு வந்தபோது இவ்வழக்கு பேச்சில் வந்தது. அவன் தன் கைப்பேசியில் அப்படத்தைக் காட்டினான். மாம்பழ நிறமாகவே இருந்தது. என் கைப்பேசியில் அதே படத்தைத் திறந்தோம். சந்தன நிறமாய் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து யாம் இருவரும் திகைத்து நின்றோம். பின்னரே காரணம் விளங்கிற்று. இரவில் கண் கூசாதிருத்தற்பொருட்டுத் திரையின் நீலவொளியைக் குறைத்து மஞ்சளாக்கும் 'நைட் லைட்' என்னும் ஏற்பாடு அவன் கைப்பேசியில் மாலைதோறும் தானே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. புடைவையைப் படம் பிடித்த அன்றிரவு அவன் புடைவையைக் கையில் வைத்துக்கொண்டே படத்தின் நிறத்தைத் திருத்தியிருக்கின்றான். திரை மஞ்சளித்திருந்தமையால் படம் அளவிற்கு மீறி மஞ்சளாய்த் தோன்றிற்று. அவன் மஞ்சளைக் குறைத்துக் குறைத்துப் புடைவையோடு ஒத்து வரச்செய்தான். அவன் திரையில் மட்டுமே அது ஒத்தது. உலகத்தார் திரைகளிலெல்லாம் சந்தனமாயிற்று.

அன்பர்களே! இதிற் குற்றவாளி யார்? வாங்கியவர் தாம் கண்டதைக் கூறினர். சாயக்காரர் தம் கடமையைச் செய்தார். பையனோ சோம்பலின்றிப் புடைவையையும் படத்தையும் ஒப்பிட்டே திருத்தினான். கோணிய அளவுகோலை வைத்து எவ்வளவு கருத்தோடு அளப்பினும் அளவு கோணலாகவே முடியும். ஆதலின் முதலில் திரையைச் செம்மை செய்தல் வேண்டும். அதன் பின்னரே படத்தைச் செம்மை செய்தல் வேண்டும். என் பேச்சு முழுவதும் இவ்வொன்றின் விரிவேயாகும்.

திரை நிறம் காட்டும் முறை

இனித் திரை எவ்வாறு நிறம் காட்டுகின்றது என்பதைக் காண்போம். கைப்பேசித் திரையில் வெள்ளையான இடத்தின்மீது ஒரு சிறு நீர்த்துளியை வைத்து உற்று நோக்குமின். துளி பூதக்கண்ணாடிபோல் நின்று, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறப் புள்ளிகளைக் காட்டும். திரையில் இம்மூன்றையன்றி வேறு நிறமே இல்லை. நெசவாளர்க்கு இது புதிதன்று. சிவந்த பாவில் நீல ஊடை ஓட்டினால், சற்றுத் தொலைவிலிருந்து பார்ப்பார்க்கு அது கத்தரிப்பூ நிறமாய்த் தோன்றுவதை அறிவோம். நூல் இரண்டு, கண்ணுக்கு நிறம் ஒன்று. திரையும் இவ்வாறே கண்ணை இணங்கச் செய்கின்றது.

ஆயினும் ஒரு வேற்றுமையை மனங்கொள்ளல் வேண்டும். சாயத்தொட்டியில் நிறங்கள் கூடக்கூட இருள் மிகும். திரையில் ஒளிகள் கூடக்கூட வெளிச்சம் மிகும். தொட்டியில் சிவப்பும் பச்சையும் கலந்தால் மங்கிய பழுப்பு வரும். திரையில் செவ்வொளியும் பச்சையொளியும் கலந்தால் மஞ்சள் வரும். மூன்றும் முழுமையாய்க் கலந்தால் வெண்மையாம். ஒவ்வோர் ஒளிக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் வைத்திருக்கின்றனர். மூன்றையும் பெருக்கின் 1,67,77,216 நிறங்களாகும். கணிப்பொறி நிறத்திற்கு இடும் பெயர் இவ்வெண்களே. நாம் அரக்கு என்றும் வாடாமல்லி என்றும் கிளிப்பச்சை என்றும் அழைப்பனவற்றை அது மூன்று எண்களாக எழுதுகின்றது.

மூன்று ஒளிகளாற் பிற நிறங்களை ஆக்கலாம் என்பதைப் படத்தால் மெய்ப்பித்தவர் ஸ்காத்லாந்து நாட்டு அறிஞராகிய ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1861இல் இலண்டன் மாநகரில் அவர் அதனைக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நெசவுத் துணியே! பல நிறக் கட்டமிட்ட நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நிறங்களின் வழியே தனித்தனியாகப் படம் பிடிக்கச் செய்து, மூன்று விளக்குகளால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினார்; நாடாவின் நிறங்கள் தோன்றின. இதில் ஒரு வியப்பும் உண்டு. அக்காலத்துப் படத்தகடுகளுக்குச் செவ்வொளியை உணரும் ஆற்றலே இல்லை. நாடாவின் செந்நிற இழைகள் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதா ஒளியையும் எறிந்தமையால் தகட்டில் அவை பதிந்தன என்பதை நூறாண்டு கழித்து 1961இல் ஆராய்ந்து கண்டனர். படக்கருவி காண்பது வேறு, கண் காண்பது வேறு என்னும் உண்மை அம்முதற்படத்திலேயே அமைந்துகிடந்தது.

நம் ஊரும் நிறப்படமும்

நிறத்தைத் திரையிற் கொணரும் கலை நம் சேலத்திற்குப் புதிதன்று என்பதையும் இங்கு நினைவூட்டுதல் கடமையாம். ஏற்காடு சாலையில் தி. இரா. சுந்தரம் அவர்கள் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படநிலையத்தை அறியாதார் யார்? தமிழில் முழுமையும் வண்ணத்தில் அமைந்த முதற்படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்பதனை 1956ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டி அந்நிலையத்தார் வெளியிட்டனர். 1961இல் மலையாள மொழியின் முதல் வண்ணப்படமாகிய 'கண்டம் பெச்ச கோட்டு' என்பதனையும் அவர்களே எடுத்தனர். இரு மொழிகளுக்கு வண்ணம் ஊட்டிய ஊர் நம்மூர் என்பது நமக்குப் பெருமையன்றோ?

படச்சுருளின் காலத்தில் நிறத்தைச் சரிசெய்யும் பொறுப்புப் படிகள் எடுக்கும் கூடத்தாரிடம் இருந்தது. பகலில் எடுத்த காட்சியும் மாலையில் எடுத்த காட்சியும் அடுத்தடுத்து வரும்போது நிறம் மாறித் தோன்றாதபடி, படிக்கு வீழ்த்தும் ஒளியில் சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் கூட்டியும் குறைத்தும் அவர்கள் சமன் செய்தனர். ஒரு கைதேர்ந்தவர் சரிசெய்தது கொட்டகைதோறும் சென்றது.

நம் நாட்டில் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது 1982ஆம் ஆண்டு. தில்லியில் ஆசிய விளையாட்டுகள் நிகழ்ந்த அவ்வாண்டிற்குப்பின் வண்ணப்பெட்டிகள் சிற்றூர்களுக்கும் வந்தன. அப்பொழுது வீட்டுக்கு வீடு ஒருவர் நிறத்திருகைத் திருகிக்கொண்டிருந்தமை நடுவயதினர்க்கு நினைவிருக்கும். பணம் கொடுத்து வண்ணப்பெட்டி வாங்கினோம், வண்ணம் குறைவாய் இருக்கலாமா என்று கருதிச் செய்தி படிப்பவர் முகம் தக்காளிபோற் சிவக்கும்வரை திருகினோம்! இன்று அத்திருகு ஒவ்வொருவர் கைப்பேசியினுள்ளும் மறைந்திருக்கின்றது. அக்காலத்தில் திருகியதால் யாருக்கும் நட்டமில்லை. இன்றோ அதனால் ஒரு முதியவரின் கூலி நின்றது.

திரைகள் வேறுபடுதற்குக் காரணங்கள்

ஒரே படம் பல திரைகளிற் பலவாறு தோன்றுதற்குக் காரணங்கள் ஐந்து.

முதலாவது, வெண்மை வேறுபடுதல். ஒரு திரையின் வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும். மற்றொன்றின் வெள்ளை மஞ்சள் பாய்ந்திருக்கும். ஒளியின் இத்தன்மையைக் கெல்வின் என்னும் அளவாற் கூறுவர். மெழுகுவத்திச் சுடர் ஏறக்குறைய 1,900. பழைய மின்குமிழ் 2,700. நண்பகல் வான்வெளிச்சம் 6,500 அளவினது. திரைக்கு 6,500ஐயே உலகோர் பொதுவெண்மையாகக் கொண்டனர். வெண்மை மாறின் அதன்மேல் நிற்கும் நிறமெல்லாம் மாறும்.

இரண்டாவது, வெளிச்சத்தின் ஏற்றம். எண் பாதியானால் ஒளியும் பாதியாகும் என்று நினைத்தல் தவறு. 255இற் பாதியாகிய 128ஐக் கொடுத்தால் முழு ஒளியில் ஏறத்தாழ 22 விழுக்காடே வெளிப்படும்படி பொதுமுறையை வகுத்திருக்கின்றனர். கண்ணுக்கு அதுவே நடுச்சாம்பலாய்த் தோன்றும். இவ்வேற்றம் பிசகிய திரையில் அரக்கு கருஞ்சிவப்பாகும், அல்லது வெளுத்துப்போகும்.

மூன்றாவது, நிறப்பரப்பின் அளவு. சில திரைகள் மிக ஆழ்ந்த சிவப்பையும் பச்சையையும் காட்டவல்லன, சில மாட்டா. விற்பனைக்கு அழகு கூட்டுவதற்காகச் சில கைப்பேசிகளில் நிறத்தை மிகுத்துக்காட்டும் 'விவிட்' என்னும் அமைப்பும் உண்டு. அதில் எல்லாப் புடைவையும் பட்டுப்போல் மின்னும்.

நான்காவது, மூப்பு. திரைக்கும் முதுமை உண்டு. பின்னொளியால் விளங்கும் திரை நாளடைவில் மங்கி மஞ்சளிக்கும். புள்ளிகள் தாமே ஒளிரும் ஓ.எல்.ஈ.டி. வகையில் நீலம் முந்தித் தேயும்.

ஐந்தாவது, நம் கண். ஆத்தூர், இராசிபுரம் பக்கங்களில் ஜவ்வரிசிக் களங்களைக் கண்டிருப்பீர்கள். நண்பகலில் அது வெள்ளை. மாலைச் செவ்வொளியிலும் அதனை வெள்ளை என்றே கூறுகின்றோம். மாலையில் அதனின்று வரும் ஒளி உண்மையில் மஞ்சளும் சிவப்பும் மிக்கது. கண்ணும் மூளையும் சுற்றுவெளிச்சத்தைத் தாமே கழித்துவிட்டு, "இது வெள்ளைதான்" என்று நமக்கு உரைக்கின்றன. வாழ்க்கைக்கு இது பேருதவி. நிறத்தை ஒப்பிடுதற்கோ இடையூறு. 2015ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தில் ஒரு திருமணத்தையொட்டி எடுத்த ஆடையின் படம் உலகெங்கும் பரவிற்று. அவ்வாடை நீலமும் கறுப்பும் என்றனர் ஒரு சாரார். வெள்ளையும் பொன்னும் என்றனர் மற்றொரு சாரார். ஒரே திரையை நோக்கிய கணவனும் மனைவியுமே மாறுபட்டனர். ஆடை உண்மையில் நீலமும் கறுப்புமே. அதன்மேல் எத்தகைய வெளிச்சம் விழுந்தது என்று அவரவர் மூளை கருதிக்கொண்டதற்கேற்ப நிறம் மாறித் தோன்றிற்று. எனவே, "என் கண்ணால் கண்டேன்" என்னும் சான்று நிறவழக்கில் மட்டும் போதாது.

பொதுவான அளவுகோல்

கண் மாறுபடுமாயின் அளவுகோல் யாது? இவ்வினாவிற்கு அறிஞர்கள் விடை கண்டிருக்கின்றனர். 1920ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து நாட்டில் ரைட், கில்டு என்னும் இருவர் தனித்தனியே 17 பேருடைய கண்களைச் சோதித்து, எந்நிறத்திற்கு மூன்று ஒளிகளும் எவ்வெவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டனர். அவற்றைக் கொண்டு 1931இல் அனைத்துநாட்டு ஒளியியற் குழுவினர் நிறத்தை எண்ணால் அளக்கும் முறையை வகுத்தனர். 1993இல் அனைத்துநாட்டு நிறக் கூட்டமைப்பு தோன்றிற்று. ஒவ்வொரு கருவியின் நிற இயல்பையும் ஒரு குறிப்பேடாக எழுதிவைத்து, ஒரு கருவியின் நிறத்தை மற்றொரு கருவிக்கு மொழிபெயர்க்கும் முறையை அது நிலைநாட்டிற்று. 1996இல் இரண்டு பெருநிறுவனங்கள் முன்மொழிந்து, 1999இல் உலகத்தரமாக ஏற்கப்பட்ட 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்பதே இன்று இணையத்திற் செல்லும் படங்களுக்குப் பொதுநிற முறையாய் விளங்குகின்றது.

சாயத்தொழிலார்க்கும் இவ்வகையில் ஓர் அளவு உண்டு. இரண்டு நிறங்களுக்கு இடையேயுள்ள தொலைவை 'டெல்டா ஈ' என்னும் எண்ணாற் கூறுவர். அவ்வெண் ஏறத்தாழ ஒன்றாயின் பழகிய கண்ணே வேற்றுமையை உணரும். மிகுந்தால் எவரும் உணர்வர். துணிகளுக்கென்றே இதனைக் கணக்கிடும் வாய்பாடு ஒன்றை 1984இல் இங்கிலாந்துச் சாயத்தொழிலார் கழகத்தினர் வகுத்தனர்.

திரையைச் செம்மை செய்தற்கு உள்ளங்கையளவான கருவி ஒன்று உண்டு. அதனைக் கணிப்பொறித் திரையின்மேற் படியவைத்தால், கணிப்பொறி ஒன்றன்பின் ஒன்றாக நிறங்களைக் காட்டும். கருவி அவற்றை அளக்கும். "255 என்று கேட்டேன்; இத்திரை இவ்வளவே தந்தது" என்று கணக்கிட்டு, குறைவையும் மிகையையும் ஈடுசெய்யும் குறிப்பேட்டை அதுவே எழுதிவிடும். திரை மூப்படைவதால் மாதம் ஒருமுறை மீண்டும் அளத்தல் நலம். தராசுப்படிக்கு முத்திரையிடுதல் போன்றது இது.

நாம் செய்யத்தக்கன

அக்கருவி எல்லார் வீட்டிலும் இருத்தல் இயலாது. எனினும் செலவின்றிச் செய்யத்தக்கன பல உள. அவற்றைத் தாய்மார்களும் மாணவர்களும் கருத்தில் இருத்துமாறு வேண்டுகின்றேன்.

புடைவையைப் படம் பிடிக்குங்கால் மஞ்சள் விளக்கின்கீழும் நேர்வெயிலிலும் பிடித்தல் கூடாது. முற்பகலில், வெயில் நேரே விழாத சாளரத்தின் அருகே வைத்துப் பிடித்தல் வேண்டும். பகலொளியும் மின்னொளியும் கலத்தலும் ஆகாது. படக்கருவி தானாகவே வெண்மையைத் தேரும் இயல்புடையது. படம் முழுவதும் ஒரே நிறப் புடைவை நிரம்பியிருப்பின், அந்நிறத்தையே வெளிச்சத்தின் குற்றம் என மயங்கி அதனைக் கழிக்க முயலும். ஆதலின் முதற்படத்தில் புடைவையின் ஓரத்தில் நிறமற்ற சாம்பல் அட்டை ஒன்றை வைத்துப் பிடிமின். படக்கடைகளில் இதற்கென்றே விற்பனை செய்கின்றனர். திருத்தும் செயலியில் அவ்வட்டையைத் தொட்டு, "இதுவே சாம்பல்" என்று காட்டினால் பிற நிறங்கள் தம் நிலைக்கு வரும். சலவைத் துணியை வெண்மைக்கு அளவாக வைத்தல் வேண்டா. வெளுப்பு மருந்தால் அதில் நீலம் ஏறியிருக்கும்.

படத்தைத் திருத்துமுன் நைட் லைட்டையும் விவிட் அமைப்பையும், அறைவெளிச்சத்திற்கேற்பத் தானே மாறும் வெளிச்ச ஏற்பாட்டையும் நிறுத்துமின். திரையின் வெளிச்சத்தை நடுத்தரமாக ஒரே நிலையில் வைமின். பகலில் திருத்துமின். திருத்திய படத்தை வேறு இரண்டு மூன்று கைப்பேசிகளிலும் பார்த்த பின்னரே அனுப்புமின்.

திருத்துவோர் கண்ணையும் ஒருமுறை சோதித்தல் நன்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத குறை ஆண்மக்களுள் சிலர்க்குப் பிறவியிலேயே உண்டு. பலர் அதனைத் தாமே அறியார். 1794இல் ஆங்கில அறிஞர் ஜான் டால்டன் தமக்கிருந்த இக்குறையைத் தாமே ஆராய்ந்து உலகிற்கு உரைத்தார். இது நாணத்தக்கது அன்று. ஆனால் அத்தகையோர் நிறந்திருத்தும் பணியை மற்றொருவரிடம் ஒப்புவித்தல் முறை.

இவ்வளவும் செய்தாலும் திரைக்கு எட்டாதன சில உண்டு. சரிகையின் மினுக்கம் பார்க்கும் கோணத்திற்கேற்ப மாறுவது. திரையோ அதனை மஞ்சட் கோடாகவே காட்டும். பாவும் ஊடையும் வேறுபட்ட மயிற்கழுத்து நிறத்தின் இரட்டைத் தோற்றத்தை ஒரு படம் காட்டாது. மடிப்புகளோடு இரண்டு மூன்று படங்கள் வேண்டும். கடைவிளக்கில் ஒத்துத் தோன்றும் இரு துணிகள் பகலொளியில் வேறுபடுதலும் உண்டு. சாயம் வேறாயின் இது நிகழும். இவற்றை வாங்குவோர்க்கு முன்னரே எழுத்தாற் கூறுதல் நேர்மையாம். பெரிய கட்டளையாயின், நூல் துணுக்கு ஒன்றை அஞ்சலில் அனுப்பி, அவர் ஒப்புதல் பெற்ற பின்னரே சாயத்தொட்டியை ஏற்றுதல் வேண்டும். எங்கள் சாயக்காரரின் கணக்குப் புத்தகம் எத்துணைத் திரைகளினும் மேலான சான்று என்பதை மறவாதிருப்போமாக.

சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். ஒன்று: திரையளக்கும் கருவி ஒன்றைச் சங்கப் பொதுநிதியில் வாங்கி, நம் இளைஞர் இருவர்க்கு அதில் பயிற்சி அளித்தல் வேண்டும். சேலத்திலேயே இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கின்றது. அங்குப் பயின்ற நம் பிள்ளைகள் இதற்கு வழிகாட்டவல்லர். இரண்டு: நம்மிடை வழங்கும் நிறப்பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. ஓரூரார் வெங்காய நிறம் என்பதை மற்றோரூரார் மாந்தளிர் என்கின்றனர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நூல் துணுக்கும் அதன் திரையெண்ணும் சேர்த்து மாதிரிப் புத்தகம் ஒன்று சங்கத்தில் வைத்தல் வேண்டும். மூன்று: நிறத்தால் வழக்கு எழுமாயின், படத்தை மட்டும் கண்டு எவரையும் குற்றஞ்சாட்டாமல், முதலில் இரண்டு திரைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கத்தை நாம் மேற்கொள்ளல் வேண்டும்.

சேலத்து வெண்பட்டு நாடறிந்த பொருள். புவிசார் குறியீடு பெற்றது. வெண்மையை நெய்து பெயர் பெற்ற ஊரார், திரையின் வெண்மையை மட்டும் ஆராயாது விடலாமா?

எங்கள் வழக்கின் முடிவைக் கூறி அமைகின்றேன். உண்மை விளங்கிய மறுநாளே என் மைத்துனர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு, நிறுத்திய கூலியோடும் வெற்றிலை பாக்கோடும் அம்முதியவர் இல்லத்திற்குச் சென்றார். யானும் உடன் சென்றேன். பையன் இரு கைப்பேசிகளையும் திண்ணையில் வைத்துக் காட்டி, "தப்பு என்னுடையது, தாத்தா" என்றான். முதியவர் இரண்டையும் மாறிமாறி நோக்கினார். பின்பு நகைத்து, "படத்துக்குச் சாயம் போட எனக்குத் தெரியாது, கண்ணு, நூலுக்குத்தான் தெரியும். படத்துக்கு நீ சரியாப் போடு" என்றார். இப்பொழுது அப்பையன் எந்தப் படத்தை அனுப்புமுன்னும் அவர் புத்தகத்திலுள்ள துணுக்கோடு பகலில் ஒப்பிட்டே அனுப்புகின்றான். அப்பதினான்கு புடைவைகளும் மாம்பழ நிறம் என்னும் தம் உண்மைப் பெயரோடு வேறு இடங்களில் விற்றன.

திரையின் நிறம் செம்மையாகுக. அதனால் நம் வாணிகமும் உறவும் செம்மையாகுக என்று வேண்டுகின்றேன்.